பேட்ச் அனுப்பி ஐந்து மாதம் ஆச்சு, பதிலே இல்லை

3 பிப்ரவரி, மாலை 6.15 (கேள்வி)

ஒரு ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட்டுக்குப் பேட்ச் (நிரலில் ஒரு திருத்தம்) அனுப்பி ஐந்து மாதம் ஆகிறது. டெஸ்ட் எல்லாம் பச்சை, அதாவது பாஸ். மெர்ஜ் பட்டனை அழுத்தி உள்ளே சேர்த்தால் முடிந்தது. அதற்குக்கூட நேரம் இல்லாதவர்கள் ‘பங்களிப்புகள் வரவேற்கப்படுகின்றன’ என்று ரீட்மீ அறிமுகக் கோப்பில் எதற்கு எழுதி வைக்கிறார்கள்? சும்மா வேலை செய்து கொடுக்கிறவனை வாசலில் நிற்க வைப்பது என்ன நியாயம்?

3 பிப்ரவரி, இரவு 10.40 (பதில்)

முதலில் அந்தப் பட்டன்.

சப்டைட்டில் கோப்புகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் சின்ன நிரல் ஒன்றை நானும் இன்னொருவரும் 11 வருடமாகப் பார்த்துக்கொள்கிறோம். சம்பளம் கிடையாது. வேலை முடிந்து வந்தபின் மிஞ்சுகிற நேரம்தான். பட்டனை அழுத்த ஒரு நொடி போதும், உண்மை. அழுத்திய அந்த நொடியிலிருந்து அந்தக் கோடு (நிரல் வரிகள்) என் தலையில். அனுப்பியவர் அடுத்த வாரம் வேறு வேலைக்குப் போய்விடுவார். நான் இங்கேயேதான் இருப்பேன்.

எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் வடிவத்தில் நேரம் 00:01:20,500 என்று இருக்கும், மில்லிவினாடிக்கு முன்னால் கமா. வெப்விடிடி என்ற இன்னொரு வடிவத்தில் அதே இடத்தில் புள்ளி. இரண்டையும் குழப்பி, எஸ்ஆர்டியிலும் புள்ளி வைத்து எழுதப்பட்ட கோப்புகள் ஊரெல்லாம் உலவுகின்றன. ஒருவர் ஆறு வரியில் பேட்ச் அனுப்பினார்: எஸ்ஆர்டியைப் படிக்கும்போது புள்ளி வந்தாலும் ஏற்றுக்கொள்ளட்டும் என்று. நியாயமான ஆசை. ஞாயிறு ராத்திரி, டெஸ்ட் பச்சை, அழுத்திவிட்டேன்.

அந்த ஆறு வரியில் ஒரு வரி, படிப்பதற்கும் எழுதுவதற்கும் பொதுவாக இருந்த ஒரு மாறிலியில் கை வைத்திருந்தது. அடுத்த வெளியீட்டிலிருந்து எங்கள் நிரல் எழுதிய ஒவ்வொரு எஸ்ஆர்டியிலும் கமா போய்ப் புள்ளி வந்துவிட்டது. சில பிளேயர்கள் கண்டுகொள்ளவில்லை. சில பிளேயர்கள் கோப்பைத் திறக்கவே மறுத்தன. டெஸ்ட் ஏன் பிடிக்கவில்லை என்றால், எங்கள் டெஸ்ட் தான் எழுதியதைத் தானே படித்துப் பார்த்து ‘சரி’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. புள்ளியைப் படிக்கத்தான் அதற்கு இப்போது சொல்லிக் கொடுத்தாயிற்றே.

அனுப்பியவரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். சத்தமே இல்லை. மூன்று ராத்திரி போனது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், பார்க்காமல் அழுத்தியவன் நான்.

3 பிப்ரவரி, இரவு 11.05

‘பார்க்காமல்’ என்பது கொஞ்சம் பொய். பார்த்தேன். ஆறு வரிதானே என்று பார்த்தேன்.

4 பிப்ரவரி, காலை 7.20

‘ஒழுங்காக ரிவ்யூ பண்ணினால் இதெல்லாம் நடக்காது’ என்று ஒருவர். இணையத் தொடர்பைப் பூட்டிக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை இருந்த கோடு வெளியிலிருந்து வந்த பங்களிப்புதான். குழுவில் ஒருவர் ரிவ்யூ செய்துதான் 2011 டிசம்பர் 31 அன்று உள்ளே சேர்த்தார். வந்த நீளத்தைச் சரிபார்க்கும் ஒரு சோதனை விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். வெளியே தெரிந்தது 2014 ஏப்ரலில். கேடு நினைத்து யாரும் செய்யவில்லை. ரிவ்யூ என்பது வடிகட்டிதான், சுவர் கிடையாது.

4 பிப்ரவரி, இரவு 9.50

‘அப்படியானால் கதவைச் சாத்திவிட வேண்டியதுதானே’ என்று கேட்டவருக்கு: சாத்தலாம். எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருள் அப்படித்தான் இருக்கிறது. கோடு பொதுச் சொத்து, யார் வேண்டுமானாலும் எடுத்து எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஆனால் வெளியாள் பேட்ச் வாங்குவதில்லை. ஓப்பன் சோர்ஸ்தான், ஓப்பன் பங்களிப்பு இல்லை என்று அவர்களே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குச் சட்டக் காரணமும் உண்டு: உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுத்தில் தராத ஒருவருடைய வரி கலந்துவிட்டால் ‘பொதுச் சொத்து’ என்று சொல்லிக்கொள்ள முடியாது.

எனக்கு அந்த நேர்மை பிடிக்கும். கதவைத் திறந்து போட்டுவிட்டு வீட்டில் ஆள் இல்லாமல் இருப்பதைவிட, சாத்திப் பலகை மாட்டுவது மேல்.

ஆனால் எங்களால் முடியாது. நிரல் படிக்கும் வடிவங்களில் பாதி வெளியாட்கள் எழுதிக் கொடுத்தவை. அந்த வடிவங்களைப் பயன்படுத்தும் கருவிகள் எங்கள் இருவரிடமும் கிடையாது. சில எழுத்துருக்கள் வலமிருந்து இடமாக ஓடும்போது காற்புள்ளி எங்கே போய் நிற்க வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. யாரோ ஒருவருக்குத் தெரிந்திருந்தது, எழுதி அனுப்பினார்.

(எழுத்துரு என்று எழுதியது தப்பு, எழுத்துமுறை.)

5 பிப்ரவரி, இரவு 11.30

நேற்று பெரிய நியாயவான் மாதிரி எழுதிவிட்டேன். என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வரிசையில் ஒரு பேட்ச் 14 மாதமாகக் கிடக்கிறது. மோசமான பேட்ச் என்றால் அன்றைக்கே ‘வேண்டாம்’ சொல்லியிருப்பேன். நல்ல பேட்ச், அதுதான் சிக்கல். பிரேம் வேகத்தை (வினாடிக்கு எத்தனை படம்) 23.976 என்று தசம எண்ணாக வைத்துக்கொள்ளாமல் 24000/1001 என்று பின்னமாகவே கடைசிவரை கொண்டுபோகிறது. கணக்குப்படி அதுதான் சரி. கிட்டத்தட்ட 40 கோப்புகளைத் தொடுகிறது. வெளியே இருந்து எங்கள் நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்களின் கோடு உடையும். சரி என்று சொல்ல ஒரு முழு வார இறுதி வேண்டும். வேண்டாம் என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் திறப்பேன், மூடுவேன்.

எழுத்துப்பிழை திருத்தி வரும் பேட்ச் ஐந்து நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது. ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்து எழுதியவருக்கு மௌனம். பேட்ச் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு நாள் காத்திருக்கிறது. இதை எழுதும்போதுதான் எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரிகிறது.

அதனால், கேள்வி கேட்டவரே, உங்கள் புராஜெக்ட்காரர் பட்டனை அழுத்தாதது தப்பே இல்லை. ‘இப்போது முடியாது’ என்று இரண்டு வார்த்தை எழுதாமல் விட்டது தப்பு. நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

6 பிப்ரவரி, காலை 6.55

போய்ப் பார்த்தேன். 14 இல்லை, 19 மாதம்.

8 பிப்ரவரி, இரவு 10.10

அவருக்கு எழுதினேன். மன்னிப்பு கேட்டு, ஏன் தாமதம் என்று சொல்லி, இன்னும் விருப்பம் இருந்தால் சேர்ந்து முடிப்போம் என்று. நான்கு வரியில் பதில் வந்தது. கோபமெல்லாம் இல்லை. ‘அந்த வேலை முடிந்து ரொம்ப நாள் ஆகிறது, இப்போது வேறு கருவிக்கு மாறிவிட்டேன், நான் எழுதிய கோடை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்’ என்று.

திட்டியிருந்தால் தேவலை.

11 பிப்ரவரி, இரவு 9.15

இழை வேறு பக்கம் போய்விட்டது, நானும் கூடவே போகிறேன். ‘முன்பெல்லாம் இவ்வளவு சந்தேகப்பட மாட்டார்கள்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

2020 அக்டோபர் ஞாபகம் இருக்கிறதா? ஹாக்டோபர்ஃபெஸ்ட், ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பை ஊக்குவிக்கும் நிகழ்ச்சி. குறிப்பிட்ட எண்ணிக்கையில் புல் ரிக்வெஸ்ட் (பேட்ச்சைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) அனுப்பினால் டிஷர்ட். ரீட்மீயில் ‘அருமையான’ என்று ஒரு சொல்லைச் செருகி அனுப்புகிற கூட்டம் கிளம்பியது. எங்களுக்கும் வந்தது, ஒரே நாளில் ஏழு. ஒருவர் ‘நிறுவுதல்’ என்ற தலைப்பை ‘மிக எளிதாக நிறுவுதல்’ என்று மாற்றியிருந்தார். நிறுவுவது எளிதே இல்லை. பராமரிப்பாளர்கள் போட்ட கூச்சலில் அந்த மாதமே விதியை மாற்றினார்கள்: விருப்பம் தெரிவித்த புராஜெக்ட்டுக்கு அனுப்பினால்தான் கணக்கு.

அந்தக் குப்பையைக் கண்டுபிடிக்க மூன்று நொடி போதும். இப்போது ஏஐ மொழி மாடல் எழுதித் தருகிற பேட்ச் அப்படி இல்லை. விளக்கம் நீளமாக, மரியாதையாக, தலைப்பும் உட்தலைப்புமாக இருக்கும். டெஸ்ட்கூட எழுதியிருக்கும். நாற்பது நிமிடம் படித்தபிறகுதான் தெரியும், அது சரிசெய்ததாகச் சொல்லும் பக் எங்கள் நிரலில் இருக்கவே முடியாது என்று. முன்பு ஒரு பேட்ச் வந்தால், யாரோ ஒருவர் ஒரு மாலைப்பொழுதைச் செலவழித்திருக்கிறார் என்பதற்கு அதுவே அத்தாட்சி. நானும் பதிலுக்கு ஒரு மாலையைக் கொடுப்பேன். அந்தக் கொடுக்கல் வாங்கல் இப்போது அறுந்துவிட்டது.

2024 ஏப்ரலில் ஜென்டூ என்ற லினக்ஸ் புராஜெக்ட் இந்த மாதிரிப் பங்களிப்பே வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. அடுத்த மாதம் நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளம், முன்அனுமதி இல்லாமல் கூடாது என்றது. நாங்கள் தடை போடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம்: ‘இந்த வரி ஏன் இங்கே இருக்கிறது?’ தானே எழுதியவர் இரண்டு வரியில் சொல்லிவிடுவார், சில நேரம் கடுப்போடு. இல்லாதவர் கேள்வியை அப்படியே மாடலுக்கு அனுப்புவார், ‘மிகச் சிறந்த கேள்வி’ என்று பதில் தொடங்கும்.

12 பிப்ரவரி, காலை 8.00

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். போன வருடம் ஒருவருடைய பேட்ச் விளக்கம் அந்த மாதிரி வழுவழுப்பாக இருந்ததைப் பார்த்து, கோடைத் திறக்காமலே ‘இயந்திரம் எழுதியது, மூடுகிறேன்’ என்று மூடிவிட்டேன். அவர் பொறுமையாகத் திரும்ப எழுதினார்: கோடு என்னுடையது, ஆங்கிலம் வராது, விளக்கத்தை மட்டும் மாடலிடம் எழுதி வாங்கினேன் என்று. கோடைப் பார்த்தேன். சுத்தமான கோடு, மாறிகளின் பெயர் எல்லாம் அவர் மொழியில். அன்றிலிருந்து விளக்கத்தைக் கடைசியில்தான் படிக்கிறேன்.

15 பிப்ரவரி, இரவு 10.45

‘நேரம் இல்லாதவர் சாவியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டும்.’ இதற்கு 30 பேர் கைதட்டியிருக்கிறீர்கள். 2024 மார்ச் வரை நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எக்ஸ்இசட் கதை பாதிப் பேருக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் அது அப்படியே இந்த இழைதான். தனி ஆளாக ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த கோப்புச் சுருக்கும் மென்பொருள். கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் இருக்கும். 2021-ல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து பேட்ச் அனுப்பத் தொடங்குகிறார். நல்ல பேட்ச்கள். 2022-ல் வேறு சில பெயர்களிலிருந்து அஞ்சல் வருகிறது: ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறீர்கள், பேட்ச் எல்லாம் தேங்கிக் கிடக்கிறது, வேறு ஒருவரைப் பராமரிப்பாளராகச் சேர்த்தால் என்ன? அந்தப் பெயர்களை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை. சாவி கை மாறியது. 2024-ல் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் பின்கதவு, அதாவது உள்ளே நுழைய ரகசிய வழி.

மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அதை வெளியே சொன்னார். அவர் தேடிப் போனது பின்கதவை இல்லை. எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி அதிகம் ஆகிறதே என்று குடைந்தார்.

அந்தக் கேடு கோடாக எங்கும் உட்கார்ந்திருக்கவில்லை. டெஸ்ட்டுக்கான பைனரி (கண்ணால் படிக்க முடியாத) மாதிரிக் கோப்புகளுக்குள் இருந்தது. அதை எடுத்து ஓட விடும் வரி, கோடின் வரலாறு இருக்கும் கிட் களஞ்சியத்தில்கூட இல்லை, வெளியீடாகக் கட்டித் தந்த டார் தொகுப்பில் மட்டும். வரி வரியாக ரிவ்யூ பண்ணுகிறவர் கண்ணில் பட வழியே இல்லை.

படித்துவிட்டு எங்கள் டெஸ்ட் கோப்புறையைத் திறந்தேன். புளூரே சப்டைட்டில் எழுத்தாக வராது, படமாக வரும். அதற்காக யார் யாரோ கொடுத்த பைனரி மாதிரிகள் 26 கிடந்தன. உள்ளே என்ன என்று எனக்குத் தெரியாது. அவற்றில் 19-ஐத் தூக்கிவிட்டு, நாங்களே ஸ்கிரிப்ட் வைத்து உருவாக்கும்படி மாற்றினோம். மீதி ஏழை இன்னும் உருவாக்க முடியவில்லை, பயந்துகொண்டே வைத்திருக்கிறேன். வெளியீட்டு டார் இப்போது என் மடிக்கணினியில் தயாராவதில்லை. கிட்டில் வெளியீட்டுக்கு இட்ட குறியிலிருந்து இயந்திரமே கட்டுகிறது, இன்னொருவர் கட்டிப் பார்த்து ஒப்பிடலாம்.

கேள்வி கேட்டவரை நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ‘ஏன் மெதுவாக இருக்கிறீர்கள்’ என்ற அஞ்சல் வந்தால் இப்போது எனக்கு இரண்டு விதமாக வயிறு கலங்குகிறது.

15 பிப்ரவரி, இரவு 11.20

கேட்பீர்கள் என்று தெரியும்: அப்போது யாரையும் சேர்க்கவே மாட்டீர்களா? சேர்ப்போம். முதலில் இஷ்யூக்களை (வரும் புகார்களை) வகை பிரிக்கும் உரிமை, பிறகு ரிவ்யூ, பிறகு மெர்ஜ். வெளியிடும் சாவி கடைசி. இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளித்தார்கள். சுளித்த ஒருவர் இப்போது வரிசையில் எங்களைவிடக் கறாராக இருக்கிறார்.

19 பிப்ரவரி, மதியம் 1.10

‘சைன்டு ஆஃப் பை’ வரி எதற்கு என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. இந்தக் கோடைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று அனுப்புகிறவர் கையெழுத்துப் போடுவது. 2003-ல் எஸ்சிஓ என்ற நிறுவனத்தின் வழக்கு வந்து, லினக்ஸுக்குள் யாருடைய கோடு எப்படி வந்தது என்ற கேள்வி எழுந்தபிறகு 2004-ல் அதன் கெர்னலில் (மையப் பகுதியில்) கொண்டுவந்தார்கள். சடங்கு மாதிரித்தான் தெரியும். எங்களிடம் ஒருவர் நல்ல பேட்ச் ஒன்று கொடுத்து, மூன்று மாதம் கழித்து, அலுவலக நேரத்தில் எழுதியதால் அது நிறுவனத்துக்குச் சொந்தமாம், எடுத்துவிடுங்கள் என்றார். அதற்குள் அதன்மேல் வேறு எட்டுப் பேருடைய வேலை ஏறியிருந்தது. அதை எடுத்துவிட்டு, அவர் கோடைப் பார்க்காமல் நாங்களே புதிதாகத் திரும்ப எழுதினோம். அதன்பிறகுதான் நாங்களும் கையெழுத்துக் கேட்கிறோம்.

23 பிப்ரவரி, இரவு 10.00

கேள்வி கேட்டவர் கடைசியில் சுட்டி கொடுத்தார். பேட்ச்சைப் பார்த்தேன்.

சரிசெய்தது மூன்று வரி. மாறியிருப்பது 415 வரி. சேமிக்கும்போது உங்கள் எடிட்டர் கோப்பு முழுவதையும் தன் இஷ்டத்துக்கு இடைவெளி மாற்றி அடுக்கிவிட்டது. அந்த மூன்று வரியைக் கண்டுபிடிக்கவே எனக்கு இருபது நிமிடம். மெர்ஜ் செய்தால் நாளைக்கு, எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் கிட் பிளேம் ஓட்டுகிறவருக்குக் கோப்பு முழுக்க உங்கள் பெயர்தான் வரும். அதற்கு முந்தைய எட்டு வருட வரலாற்றைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். அந்தப் பராமரிப்பாளர் திறந்திருப்பார், 415 என்று பார்த்திருப்பார், சனிக்கிழமை பார்ப்போம் என்று மூடியிருப்பார். எனக்குத் தெரியும், நானும் அந்தச் சனிக்கிழமைதான்.

மூன்று வரியை மட்டும் தனியாக அனுப்புங்கள். என்ன உள்ளீடு கொடுத்தால் உடைகிறது என்று ஒரு வரி, அந்த மூன்று வரி இல்லாமல் சிவப்பாகிற டெஸ்ட் ஒன்று. அழகுபடுத்துவதை வேறு பேட்ச்சாக அனுப்புங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் அந்தப் பராமரிப்பாளர் சொல்லியிருக்கலாமே என்றால், ஆமாம், சொல்லியிருக்கலாம்.

23 பிப்ரவரி, இரவு 10.35

ஒரு காலத்தில் நானும் ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒவ்வொரு பெயருக்கும் கருத்துப் போடுவேன். ஒருவருக்கு 23 கருத்து. இரண்டாவது சுற்றில் திருத்தி அனுப்பினார், மூன்றாவது சுற்றில் காணாமல் போனார். இப்போது இடைவெளிச் சண்டையை ஃபார்மேட்டர் கருவி பார்த்துக்கொள்கிறது. சின்னத் திருத்தமென்றால் அவர் பிராஞ்சிலேயே (அவர் நகலில்) நான் செய்து, கமிட்டில் (மாற்றத்தின் பதிவில்) அவர் பெயரையே வைத்து, உள்ளே சேர்த்துவிடுகிறேன். என் கூட்டாளிக்கு இது பிடிக்காது. ‘நீயே திருத்தினால் அவர் எப்படிக் கற்றுக்கொள்வார்?’ என்பார். எல்லாரும் கற்றுக்கொள்ளவா வருகிறார்கள், சிலருக்கு அந்தப் பக் போனால் போதும் என்பேன் நான். ஏழு வருடமாக இதே சண்டை.

27 பிப்ரவரி, காலை 7.40

மூன்று வரிப் பேட்ச் இரண்டே நாளில் மெர்ஜ் ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. பராமரிப்பாளர் ‘ஸாரி, முன்னதைப் பார்த்து மலைத்துவிட்டேன்’ என்று எழுதினாராம். அந்த ஆளை எனக்குப் பிடித்திருக்கிறது.

2 மார்ச், இரவு 11.50

அந்த 19 மாதப் பின்னப் பேட்ச்சை எடுத்து இன்றைய கோடின்மேல் ஏற்றப் பார்த்தேன். 31 இடத்தில் மோதல். ஒவ்வொன்றும் இந்த 19 மாதத்தில் நானே பக்கத்து வரிகளில் செய்த வேலை.

நடுவில் ஒரு கணக்கும் போட்டேன். 23.976-க்கும் 24000/1001-க்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மணி நேரப் படத்தில் சுமார் 7 மில்லிவினாடி. யார் கண்ணுக்கும் தெரியாது. இதற்கா இவ்வளவு என்று ஒரு நிமிடம் நிறுத்திவிட்டேன். பிறகு பழைய இஷ்யூ ஒன்று ஞாபகம் வந்தது: வடிவம் மாற்றி மாற்றி நான்கு தடவை சேமித்தால் வரிகள் ஒரு பிரேம் தள்ளிப்போகின்றன என்று. ஒவ்வொரு தடவையும் தசமத்தை முழுமையாக்கும்போது வருகிற நழுவல். அவர் பேட்ச் விளக்கத்தின் இரண்டாவது பத்தியிலேயே இது இருக்கிறது. 19 மாதத்தில் நான் அந்த இரண்டாவது பத்தி வரைக்கும் போகவில்லை.

6 மார்ச், இரவு 10.20

31 மோதலும் தீர்ந்தது. கமிட்டில் பெயர் அவருடையது. இப்போது என்னை யார் ரிவ்யூ பண்ணுவது? கூட்டாளி வெளியூரில். கேள்வி கேட்டவரே முன்வந்திருக்கிறார், ‘நான் பார்க்கட்டுமா’ என்று. தாராளமாக. ஐந்து மாதம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

9 மார்ச், காலை 6.30

மூன்று நாளில் பார்த்துவிட்டார். நான் மோதலைத் தீர்த்த ஓரிடத்தில் 30000/1001 என்பதை 3000/1001 என்று தட்டியிருக்கிறேன். திருத்தி அனுப்பிவிட்டேன்.

டெஸ்ட் எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது.